வலது கையில் சோளம்

சோளத்தின் முனை குத்துகிறது. மொச்சை குத்தாது, அது பாட்டுக்கு இடது கைக்குள் வழவழவென்று கிடக்கிறது, இருப்பதே தெரியாமல். வலது கையில் சோளம், இடது கையில் மொச்சை. மாறிவிடக் கூடாது என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொள்கிறேன். மாறினாலும் கண்ணை மூடித் தடவியே கண்டுபிடித்துவிடலாம், அப்புறம் எதற்கு இந்தப் பதற்றம். செயலர் பிச்சைமுத்து சார் எவர்சில்வர் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவர் கையிலும் ஒரு மக்காச்சோளமும் ஒரு மொச்சையும் வைத்தார், திருவிருந்தில் அப்பம் கொடுப்பதுபோல அவ்வளவு மரியாதையாக. என்னிடம் வந்ததும் குனிந்து, "எல்லாம் உங்க கட்டுரையில இருந்தபடியே செஞ்சிருக்கோம் மேடம், ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன், முப்பது வருடமாக வகுப்பில் சரியான பதில் சொன்னவனைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு, தானாக வந்துவிட்டது. ஆராதனை முடிந்து அரைமணி நேரம் ஆகிறது. சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது. பாஸ்டர் தீத்து ஐயா ஒலிபெருக்கியில் நிதானமாகச் சொல்கிறார், சகோதரி தொற்காள் நம் சபையில் நீடிக்கலாம் என்று நினைப்பவர்கள் சோளத்தைப் போடுங்கள், நீக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மொச்சையைப் போடுங்கள், மீந்ததை வெளியே போகும்போது வாசலில் போட்டுவிடலாம், ஆண்டவருக்கு முன்பாக மனச்சாட்சிப்படி செய்யுங்கள். மனச்சாட்சிப்படி. என் வாக்கியம்தான் அது, சபை விழா மலரில் நாற்பத்தோராம் பக்கம்.

தொற்காள் அக்கா முன்வரிசையில் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு முதுகுதான் தெரிகிறது. நரைத்த கொண்டை, வெள்ளைச் சேலை, வலது தோள் கொஞ்சம் இறங்கிய மாதிரி. முப்பத்தாறு வருடம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்த தோள். அரசாங்க நர்ஸ். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் காலனியில் எல்லோருக்கும் அவள் நர்ஸக்காதான். "உட்காருங்கம்மா, நிக்க வேண்டாம்" என்று பாஸ்டர்தான் நாற்காலி போடச் சொன்னார். இரக்கமுள்ளவர். அமெரிக்காவில், போதகர்களைத் தப்பென்று பேசிய அந்தப் பாஸ்டன் பெண்ணை மன்றத்தில் நிற்கவைத்தார்கள். ஆயிரத்து அறுநூற்று முப்பத்தேழு, நவம்பர் மாதம், உடம்பு நடுக்கும் குளிர், நாற்பத்தாறு வயது, கர்ப்பிணி. நின்று நின்று விழப்போகிறாள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்த பிறகுதான் உட்காரச் சொன்னார்கள். அவளும் பிரசவம் பார்த்தவள். அவள் வீட்டிலும் வாரம் ஒருநாள் பெண்கள் கூடினார்கள், ஞாயிறன்று கேட்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேசினார்கள், பேசப் பேச அது வளர்ந்து ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. தொற்காள் அக்கா வீட்டில் வியாழக்கிழமை. சுக்குக் காப்பி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் வீட்டுக் கதை. பதினைந்து பேர் வருவார்கள். நானும் போவேன். போனேன் என்று சொல்ல வேண்டும், ஜூலைக்குப் பிறகு போகவில்லை.

ஜூலையில் ஜெயசீலியின் குழந்தை செத்தது. எட்டு மாதக் குழந்தை. அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கத்தில், பெற்றோரின் மறைவான பாவங்களுக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, சபை முழுக்க ஜெயசீலியைத்தான் பார்த்தது. வியாழக்கிழமை தொற்காள் அக்கா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். குரல்கூட உயரவில்லை. "ஏத்தா ஜெயசீலி, நல்லாக் கேட்டுக்க. உம்புள்ள செத்தது பாவத்தினால இல்ல, நிமோனியாவினால. மூணு நாளு மூச்சு வாங்கியிருக்கு, நாலாம் நாளுதான் எங்கிட்டத் தூக்கிட்டு வந்தீக. பாவம்னு நீ நம்பிட்டா அடுத்த புள்ளைக்கும் முழங்கால் போட்டுட்டு உக்காந்திருப்ப, ஆஸ்பத்திரிக்கு வரமாட்ட. ஐயா சொன்னது தப்பு." அவ்வளவுதான். ஐயா சொன்னது தப்பு. மூன்றே சொல், சனிக்கிழமைக்குள் பாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டது. யார் கொண்டுபோனார்களோ, பதினைந்து பேரில் ஒருத்தி, இதோ இந்த வரிசைகளில்தான் எங்கோ கையில் இரண்டு தானியத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்று நான் என்ன செய்தேன். சிரித்தேன். "அக்கா, இப்படித்தான் பாஸ்டன்ல ஒரு அம்மா பேசுச்சு" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் எடுத்துவிட்டேன், வாய் சும்மா இருக்காது. அக்கா ரசித்துக் கேட்டாள். "அந்தம்மாவும் பிரசவம் பாக்குறவளா. அப்பச் சரிதான். ரத்தத்தையும் மூச்சையும் பாத்துப் பழகினவளுக்குப் பொய் சொல்ல வராது லோவி" என்றாள்.

எல்லாம் மலரில் ஆரம்பித்தது. சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா மலர். ஆலய அலமாரியைக் கேட்டு வாங்கி நான்தான் குடைந்தேன், கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்துகிறவள் வேறு யார் குடைவது. செல்லரித்த சபைக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. இந்தப் புதுக்கானான் காலனியை உண்டாக்கிய வெள்ளைக்காரப் போதகர் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் பிறந்தவர், பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அந்தப் பழைய பியூரிட்டன் கிறிஸ்தவக் குடியேற்றக்காரர்கள். கப்பலேறி வந்து மதுரைச் சீமையில் கருவேலங்காட்டை வெட்டித் தெருப்போட்டபோது தன் ஊர்ச் சட்டத்தையும் மூட்டையில் கொண்டுவந்திருக்கிறார். குறிப்பேட்டில் சோளமும் மொச்சையும் வாக்கு என்று இருந்த வரியை இரண்டு முறை உரக்க வாசித்தேன், சந்தோஷத்தில். ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்றில் மாசசூசெட்ஸில் போட்ட சட்டம் அது, தேர்ந்தெடுக்கச் சோளம், மறுக்க அவரை விதை. ஒருவன் ஒன்றுக்கு மேல் போட்டால் பத்துப் பவுன் அபராதம். முன்னூறு வருடத்துக்கும் மேல் பழையது எங்கள் ஆலய அலமாரியில் கரப்பான் புழுக்கையோடு கிடந்திருக்கிறது. மூன்று இரவு தூங்காமல் எழுதினேன். பெட்டிக்குள் துணி விரிப்பார்கள், விழும் தானியத்தின் சத்தத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று குறிப்பேட்டில் இருந்ததை எவ்வளவு ஆசையாக எழுதினேன். நீக்கப்பட்டவர் நாற்பது நாளில் காலனி வீட்டைக் காலி செய்ய வேண்டும், மனை சபையுடையது என்பதையும் எழுதினேன். குடும்பமில்லாமல் ஒற்றையாய் ஒருவரும் இங்கே வீடு நடத்தக் கூடாது, ஒரு குடும்பத்தின் மேற்பார்வையில்தான் இருக்க வேண்டும் என்பதையும் எழுதினேன். கிண்டலாகத்தான் எழுதினேன். அந்தக் காலத்து மனுஷர்கள் எப்படியெல்லாம் இருந்திருக்கிறார்கள் பாருங்கள் என்ற தொனியில். படித்துவிட்டுப் பாஸ்டர் ஃபோன் பண்ணினார். "மேடம், நம்ம சபைக்கு இப்படி ஒரு ஒழுங்கு இருந்திருக்கு, நாமதான் மறந்துட்டோம்" என்றார். அவருக்குத் தொனி கேட்கவில்லை. எழுத்தில் ஒழுங்கு மட்டும்தான் இருந்தது, என் சிரிப்பு என் வீட்டிலேயே தங்கிவிட்டது.

முதல் வரிசை எழுந்துவிட்டது. ஆண்கள் பக்கம் முதலில். பலிபீடத்துக்கு முன்னால் மேசை, மேசைமேல் பழைய காணிக்கைப் பெட்டி, உள்ளே கருநீலத் துணி. பிச்சைமுத்து சார் பக்கத்தில் நிற்கிறார், ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார், அதுவும் குறிப்பேட்டில் உள்ளபடியே. ஒருவர் மூடிய கையைத் துவாரத்துக்குள் விட்டு எடுக்கிறார். அடுத்தவர். சத்தமே இல்லை. இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு மனுஷியை வீட்டைவிட்டு அனுப்ப முடியும் என்று நான் நினைத்ததில்லை. இல்லை, அனுப்ப மாட்டார்கள். இதில் பாதிப் பேரை அவள்தான் தொப்புள்கொடி அறுத்து எடுத்தாள். அதோ போகிறாரே தபால்காரர் நத்தானியேல், மனைவிக்கு ரத்தம் நிற்காமல் போனபோது மாட்டுவண்டியில் கூடவே உட்கார்ந்து வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருமங்கலம் வரை போனாள். அவர் சோளம். அவருக்குப் பின்னால் இரண்டு மகன்கள், சோளம், சோளம். நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணினால் பயம் குறைகிறது. பிச்சைமுத்து சார் மொச்சை, சந்தேகமில்லை. பாஸ்டரம்மா மொச்சை. இளைஞர் ஐக்கியப் பையன்கள் மொச்சை, பாஸ்டர் கிரிக்கெட் மட்டை வாங்கித் தந்திருக்கிறார். ஆனாலும் இருபத்தைந்து முப்பது சோளம் வந்துவிடும். ஐம்பத்தெட்டு பேரில் முப்பது. என் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முப்பது.

ஏன் குறையப்போகிறது. வலது கையில் சோளம் இருக்கிறது, போகப்போகிறேன், போடப்போகிறேன். குறைந்தாலும் என்று எதற்கு ஒரு நினைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மா வந்ததிலிருந்து இப்படித்தான், நான் நினைக்காததெல்லாம் எனக்குள்ளிருந்து யாரோ நினைக்கிறார்கள். அதிரசம் கொண்டுவந்திருந்தாள். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், இதற்கு முன் பார்க்காதவள்போல. அப்பா கட்டிய வீடு. சபை மனையில் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் ஒவ்வொரு அறையாகக் கட்டியது, மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்குமுன் போய்விட்டார், இன்னும் வைக்கவில்லை. "எத்தனை ரூமுக்கா, தனியா இருக்க உங்களுக்குப் பயமா இல்லையா" என்றாள். பழகிப்போச்சும்மா என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க. கமிட்டில பேச்சு வந்துச்சாம். அந்தப் பழைய புத்தகத்துல தனியா இருக்கறவங்களைப் பத்தியும் ஒரு சட்டம் இருக்காமே. ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணை விட முடியாதுன்னு யாரோ சொன்னாங்களாம். ஐயாதான், லோவிசாள் மேடம் நம்ம ஆளு, அவங்களுக்கு அதெல்லாம் வராதுன்னு சொல்லி நிறுத்தியிருக்காங்க." அதிரசம் வாயில் மணலாகிவிட்டது. நம்ம ஆளு. அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நின்றேன். ஐம்பத்தேழு வயது. அடுத்த மே மாதம் ஓய்வு. போக்கிடம் இல்லை, தங்கை கோயம்புத்தூரில் மாமியார் மாமனாரோடு இரண்டு அறையில் இருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு அறையிலும் என்னைத் தவிர இன்னொருவர் இருப்பதுபோலவே இருக்கிறது. கறுப்பு அங்கி, உயரத் தொப்பி, கையில் என் மலர். மாடிப்படியில் நின்று கைப்பிடி இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அந்த வெள்ளைக்காரப் போதகரா, பாஸ்டனின் ஆளுநரா தெரியவில்லை, முகத்தைத் திருப்பினால் அப்பாவாக இருக்குமோ என்று பயந்து நான் பார்ப்பதில்லை.

பெண்கள் பக்கம் எழச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வரிசை ஆறாவது. பாஸ்டனில் பெண்களுக்கு வாக்கே இல்லை. ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்றில் முடிவு செய்துவிட்டார்கள், சபையில் முழு அங்கத்தினரான ஆண்தான் குடிமகன், அவன்தான் வாக்களிக்கலாம். அங்கத்தினன் ஆவதற்கும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தன் ஆத்துமாவுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும், அதைக் கேட்டு உள்ளேயா வெளியேயா என்று மற்றவர்கள் முடிவு செய்வார்கள். தங்கள் நாட்டில் மதத்துக்காக விரட்டப்பட்டவர்கள். கடல் தாண்டி வந்து, அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் நிலத்தில், அந்த மனிதர்கள் பயிர்செய்யக் கற்றுக்கொடுத்த சோளத்தையே வாக்காக்கி, அடுத்தவனை விரட்டக் கற்றுக்கொண்டார்கள். இதை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எதற்காக என்னை விரட்டுகிறீர்கள் என்று அந்தக் கர்ப்பிணி கேட்டாள். மன்றத்துக்குத் தெரியும், மன்றத்துக்கு அது போதும் என்று ஆளுநர் சொன்னார். இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். சாக்கட்டியைக் கீழே வைப்பேன். குளிர்காலம் முழுக்க அடைத்துவைத்து மார்ச்சில் சபையும் அவளை நீக்கியது, வெளியே போ என்றது, அவள் நடந்தாள், ஆலயம் முழுக்க அவள் பிரசவம் பார்த்த பெண்கள், ஒருத்தி அசையவில்லை, ஒரே ஒருத்தி மட்டும் எழுந்து வந்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியே நடந்தாள். அப்புறம் கேட்பேன், நீங்களாக இருந்தால் எழுந்திருப்பீர்களா. முப்பது வருடம். முப்பது வகுப்பு. கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன், நான் எழுந்திருப்பேன் என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். கையைப் பிடித்தவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்திருப்பேன், மணி அடித்துவிடும். இருபத்திரண்டு வருடம் கழித்து அதே பாஸ்டனில் அவளைத் தூக்கில் போட்டார்கள்.

அக்காவிடமும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததுவரை சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊரே வரணும்னு இல்ல லோவி. ஒருத்தி வந்தாப் போதும்" என்றாள். ஒருத்தி வந்தாப் போதும். முன்னால் ஜெயசீலி போகிறாள். கையை மார்போடு சேர்த்து வைத்திருக்கிறாள், எந்தக் கை என்று தெரியவில்லை, புருஷன் அந்தப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன்தான் பாஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டவன். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், அப்புறம் நான். வலது கை வியர்த்துவிட்டது. சோளம் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது, துவாரத்துக்குள் விட்டால் விழுமா விழாதா. விழாமல் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால், கையை உதறினால் பார்ப்பார்களே. மொச்சை ஒட்டாது. மொச்சை வழவழவென்று விழும். இது என்ன நினைப்பு. முப்பது சோளம் இருக்கிறது உள்ளே. அக்கா ஜெயித்துவிடுவாள். ஜெயித்தபிறகு பாஸ்டர் தன் பக்கம் எத்தனை என்று எண்ணுவார், இருபத்தெட்டு மொச்சை, யார் யார் என்று மனசுக்குள் பேர் வைப்பார், அந்தப் பேர்களில் நான் இருந்தால் நம்ம ஆளு, இல்லாவிட்டால் அந்த இன்னொரு சட்டம். துணி விரித்திருக்கிறது. யாருக்கும் கேட்காது. யாருக்கும் தெரியாது என்றால் மொச்சை போட்டும் பலனில்லையே லோவிசாள், பாஸ்டருக்கும்தானே தெரியாது. தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரியும், சோளம் போட்ட முகத்தோடு என்னால் அவரைப் பார்க்க முடியாது, எனக்குப் பொய் முகம் வராது. மொச்சை போட்டுவிட்டால் பயப்படாத முகத்தோடு பார்க்கலாம். அக்காவும் ஜெயித்துவிடுவாள், வீடும் இருக்கும். மேசைமேல் ஒரு எறும்பு போகிறது. பாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார், கனிவாக. கை உள்ளே போயிற்று. துணி மெத்தென்று பட்டது. கை வெளியே வந்தது. திரும்பி நடக்கும்போது வலது உள்ளங்கையில் முனை குத்தியது. சோளம் அங்கேயேதான் இருக்கிறது. நான் விட்டது இடது கையை. நான் போட்டது மொச்சை.

உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடத்துக்குமுன் எழுந்த அதே இடம்தான், அதே மரப்பெஞ்சு. தவறுதலாக இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும், கை மாறவில்லை, எந்தக் கை எது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. முப்பது பேர் இருக்கிறார்கள். ஒன்றும் ஆகாது. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், சேர்ந்து சிரிக்க வேண்டும், என்னக்கா பயந்துட்டீங்களா என்று கேட்க வேண்டும். இனி வியாழக்கிழமை ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது. பெட்டியைக் கவிழ்த்துவிட்டார்கள். எவர்சில்வர் தட்டில் தானியம் கொட்டும் சத்தம் மட்டும் துணியால் மறைக்க முடியாமல் சடசடவென்று கேட்கிறது. பாஸ்டரும் பிச்சைமுத்து சாரும் குனிந்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணுகிறார்கள். பாஸ்டன் பெண்ணை விரட்டியது குளிர் விடாத மாதத்தில், பனியில் ஆறு நாள் நடந்து போனாள் என்று படித்திருக்கிறேன். நாற்பது நாள் என்றால் அக்காவுக்கு எந்த மாதம். ஐப்பசி. மழை. புத்தகமும் மருந்துப் பெட்டியும் நனையும். எதற்குக் கணக்குப் போடுகிறேன், முப்பது சோளம் இருக்கும்போது. தட்டில் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். இங்கிருந்தே தெரிந்தது. தட்டு முழுக்கப் பழுப்பு. மஞ்சள் எங்கே. மஞ்சளைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள்.

"ஐம்பத்தெட்டு பேருக்குக் கொடுத்தோம். ஐம்பத்தேழுதான் இருக்கு" என்றார் பிச்சைமுத்து சார் ஒலிபெருக்கி இல்லாமலேயே. முன்வரிசை நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தாள். "அது என்னுது ஐயா. என் விஷயத்துல நானே போட்டுக்கக் கூடாதுன்னு வெச்சுக்கிட்டேன்." கையை விரித்துக் காட்டினாள், சோளமும் மொச்சையும் பக்கத்தில் பக்கத்தில். பாஸ்டர் தலையசைத்தார், ஒலிபெருக்கியை வாய்க்கு அருகே கொண்டுபோனார். நீக்க வேண்டும், ஐம்பத்தாறு. நீடிக்கலாம், ஒன்று. ஒன்று என்றதும் ஆலயத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழுந்தது. சந்தோஷம் இல்லை, அது எனக்குத் தெரியும், எனக்கும் அதே சத்தம்தான் வந்தது. எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள். எல்லோரும் முப்பது பேர் இருக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். தபால்காரர் நத்தானியேல் தரையைப் பார்க்கிறார். மகன்கள் அவரைப் பார்க்கிறார்கள். ஒருவர், ஒரே ஒருவர் மட்டும் எண்ணாமல் போட்டிருக்கிறார், யார் அது என்று நான் தேடும்போதுதான் கவனித்தேன், வரிசை வரிசையாக எல்லாத் தலையும் திரும்பி என்னைப் பார்க்கிறது.

நானாம். வேறு யாராக இருக்க முடியும், அக்காவின் சிநேகிதி, படித்தவள், தனிக்கட்டை, மலரில் எழுதியவள். பாஸ்டரும் பார்க்கிறார், அந்தக் கனிவு போய்விட்டது, அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஒரு வருத்தம், ஏமாந்த வருத்தம். "மேடம், நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா" என்றார். பாஸ்டரம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு என் வீட்டின் அறைகளை எண்ணுவதுபோல உட்கார்ந்திருக்கிறாள். சொல்லலாம். நிரூபிக்கவும் செய்யலாம், என்னிடம் சாட்சி இருக்கிறது. வலது கையைத் திறந்தால் போதும். இதோ என் சோளம், நான் உங்கள் ஐம்பத்தாறில் ஒருத்தி, என் வீட்டை விட்டுவிடுங்கள் என்று திறந்து காட்டினால் போதும், வீடு மிஞ்சும், மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கலாம். விரல்கள் கொஞ்சம் அசைந்தன. அசைந்தது எனக்குத் தெரியும், வெட்கத்தோடு சொல்கிறேன். அப்போது அக்கா நடு வழியில் நடந்து என் வரிசைக்கு வந்துவிட்டாள். முகம் பார்த்தேன், அவ்வளவு நேரம் பார்க்காத முகம். அழுதிருக்கிறாள், இப்போது அழவில்லை. பெஞ்சின் ஓரத்தில் நின்று என் வலது கையைப் பிடித்தாள், மூடிய கையை மூடியபடியே.

"ஒருத்தி வந்தாப் போதும்னு சொன்னேனா இல்லையா" என்றாள். எழுந்திரு என்று சொல்லவில்லை, இழுத்தாள், நான் எழுந்தேன். நடு வழியில் நடந்தோம். இரண்டு பக்கமும் முகங்கள். ஜெயசீலியைத் தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதடு நடுங்கியது, அவளா, இல்லை அவளுக்குப் பின்னால் இருந்த கிழவியா, மணியடிக்கிற தாவீதா, யாரோ ஒருவர் அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தான் போட்ட சோளத்தின் பெயரில் நான் வெளியே நடப்பதைப் பார்க்கிறார். அவருக்கு மட்டும் தெரியும். முப்பது வருடம் வகுப்பில் நடந்து காட்டிய நடை இதுதான், அதே வாசல்தான், அதே கைதான். அக்காவின் விரல் பழக்கத்தில் என் மணிக்கட்டைத் தேடிப் போயிற்று, நாடியைத் தொட்டது. "என்ன இப்படி அடிக்குது" என்றாள். "பயப்படாத. நாற்பது நாள் இருக்குல்ல. உன் வீட்டுல ரூமா இல்ல, சேர்ந்தே இருப்போம், தனியா இருக்கக் கூடாதுன்னுதான சட்டம்." சிரித்தாள். வாசல் வெயிலில் அவள் தன் இரண்டு தானியத்தையும் மண்ணில் போட்டாள், நாலைந்து கோழிகள் ஓடி வந்தன. "மிச்சத்தைப் போடு லோவி, வா" என்றாள். அவளுக்குத் தெரிந்தவரை என் கையில் மிச்சம் என்றால் மொச்சை. கோழிகள் என் கையைப் பார்த்து நின்றன. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். நான் கையைத் திறக்கவில்லை.